நாவும் நாகரிகமும்

உணவின் பெருமையைப் பாடினோரும் எழுதினோரும் பலர். தமக்கு விருப்பமான பண்டங்களை நாவூறக் கூறுவோரும் பலர். ஆனால் தமக்குப் பிடிக்காத உணவைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. வியப்பு என்னவெனில், பேச்சில் இந்நிலை முற்றும் தலைகீழாக மாறிவிடுகிறது. ஒருவரை அணுகி, “உங்களுக்கு விருப்பமான உணவு யாது?” என்று வினவினால், அவர் இரண்டொரு சொல்லில் விடை கூறி அமைவார். “உங்களுக்குப் பிடிக்காத உணவு யாது?” என்று வினவினாலோ, அவர் நிமிர்ந்து உட்கார்வார்; குரலை உயர்த்துவார்; கையை அசைத்து ஒரு விரிவுரையே நிகழ்த்திவிடுவார். விருப்பத்தினும் வெறுப்பிற்கு நாவன்மை மிகுதி போலும்!

எனக்கும் அத்தகைய வெறுப்புகள் சில உண்டு. அவை பெரிய காரியங்களைப் பற்றியவை அல்ல. நாள்தோறும் இலையில் வந்து விழும் எளிய பண்டங்களைப் பற்றியவை. ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள் அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். தொல்காப்பியர் தம் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்துள்ளார். உடம்பால் தொட்டறிவது முதல் அறிவு. நாவால் சுவைத்தறிவது இரண்டாவது. மூக்கால் முகர்ந்தறிவது மூன்றாவது. கண்ணால் கண்டறிவது நான்காவது. செவியால் கேட்டறிவது ஐந்தாவது. மனத்தால் அறிவது ஆறாவது. என் வெறுப்புகளோ, இவ்வாறு அறிவுக்கும் பங்கிட்டுக் கொடுத்தாற்போல அமைந்திருந்தன. உணவை வெறுப்பது நாக்கு ஒன்றே என்று எண்ணுகின்றோமே, அஃது எவ்வளவு பிழை!

முதற்கண் தொட்டறியும் அறிவைக் காண்போம். சூடான பாலின்மேல் படியும் மெல்லிய படலம் எனக்கு ஆகாது. பால் காயும்போது அதன் மேற்பரப்பில் உள்ள நீர் ஆவியாகிச் செல்கிறது. அங்குள்ள புரதமும் கொழுப்பும் ஒன்றோடொன்று பிணைந்து தோல்போல் ஆகின்றன. அத்தோல் காப்பியோடு கலந்து வந்து உதட்டில் ஒட்டிக்கொள்ளும் கணத்தில் என் உடம்பு முழுவதும் கூசுகின்றது. அதன் சுவையில் குற்றம் ஏதுமில்லை. அதன் தீண்டலே எனக்குப் பகை. தமிழ் மொழி அதற்கு எத்துணை அழகிய பெயர்களைச் சூட்டியிருக்கிறது! பால் உடுத்த உடை என்னும்படி அதனைப் பாலாடை என்றனர். ஓலைபோல் படர்ந்திருத்தலின் பாலேடு என்றும் வழங்கினர். ஏட்டைப் போற்றுதலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட யான், இந்த ஓர் ஏட்டை மட்டும் கண்டவுடன் ஒதுக்கிவிடுகின்றேன். என் அன்னையாரோ, அவ்வேட்டைத் தனியே எடுத்துச் சர்க்கரை தூவி உண்பார். ஒரே பானையில் காய்ந்த பால், தாய்க்கு விருந்து, மகனுக்கு வருத்தம்!

வெண்டைக்காயின் வழுவழுப்பும் இவ்வகையினதே. அக்காயினுள் உள்ள ஒருவகைப் பசைப்பொருள் நீரோடு சேர்ந்தவுடன் இழையிழையாக நீள்கின்றது. கழுவிய காயின் ஈரம் உலர்ந்த பின்னர் நறுக்கினாலும், புளியோ மோரோ சேர்த்துச் சமைத்தாலும் அவ்வழுவழுப்புக் குறையும் என்பதைச் சமையலில் வல்லார் நன்கு அறிவர். முறுக வதக்கிய வெண்டைக்காயோடு எனக்குப் பகையில்லை. குழைய வெந்ததே ஆகாது. “வெண்டைக்காய் உண்டால் கணக்கு வரும்” என்று சொல்லிச் சொல்லி அதனை எனக்கு ஊட்டினர். உண்டேன், பின்னர்த் தமிழாசிரியன் ஆனேன். இதனின்று அறியத்தக்கதை மாணவர் தாமே அறிந்துகொள்க.

அடுத்தது நாவறிவு. குழம்பில் வெல்லம் இடுதல் சிலர்க்கு வழக்கம். புளிப்பையும் காரத்தையும் எதிர்நோக்கிச் சென்ற என் நாவிற்கு, அங்கே இனிப்பு வந்து எதிர்ப்படுவது, வேற்றூருக்குச் செல்லும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததைப் போலத் தோன்றும். இனிப்பின்மேல் எனக்கு வெறுப்பில்லை. அதன் இடம் மாறியதே குறை. ஆனால் பலரும் வெறுக்கும் பாகற்காய் எனக்கு மிக உவப்பானது. பாகு அல்லாதது ஆதலின் பாகல் எனப் பெயர் பெற்றது என்று புலவர்கள் வேடிக்கையாகப் பொருள் கூறுவது உண்டு. அக்கசப்பை விரும்பி உண்ணும் என்னைக் கண்டு, எதிரே அமர்ந்திருப்பவர் முகம் சுளிப்பார்.

இருவர் நாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதற்கு அறிவியலார் தக்க சான்று காட்டுகின்றனர். 1931ஆம் ஆண்டில் ஆர்தர் பாக்சு என்னும் அமெரிக்க வேதியியலார் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேதிப்பொடியைக் கையாண்டபோது, அதன் துகள் காற்றில் பறந்தது. அருகில் இருந்த மற்றோர் ஆய்வாளர், அது மிகவும் கசக்கிறது என்றார். பாக்சோ, தமக்குக் கசப்பே தோன்றவில்லை என்றார். பின்னர்ப் பலரைக் கொண்டு சோதித்தபோது, அப்பொடி சிலர்க்குக் கடுங்கசப்பாகவும் சிலர்க்குச் சுவையே இல்லாததாகவும் இருப்பது புலனாயிற்று. அவ்வேறுபாடு பெற்றோர் வழியாக வருவது என்பதும் விளங்கிற்று. அதற்குப் பெரிதும் காரணமான மரபணு இன்னது என்பதை 2003ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஒரே அறையில் நிற்கும் இருவருள் ஒருவர்க்குக் கசப்பது மற்றவர்க்குக் கசப்பதில்லை. இருவரும் பொய் கூறவில்லை. இவ்வுண்மையை உணர்ந்தால், உணவு பற்றிய வழக்குகளில் பாதி தீர்ந்துவிடும்.

மூக்கின் நிலையும் அத்தகையதே. என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் கொத்துமல்லித் தழை மிதக்கும் சாற்றைத் தொடமாட்டார். “துணி துவைத்த நீரை யாரேனும் குடிப்பாரோ?” என்பார். அவர் மிகைபடக் கூறுகின்றார் என்று நாங்கள் நகைப்போம். அத்தழையின் மணத்திற்குக் காரணமான பொருள்களுக்கு இனமானவை சோப்பின் மணத்திலும் உண்டு என்பர். அம்மணத்தைச் சோப்பு மணமாக உணர்வோர்க்கும், மணத்தை அறியும் மரபணுக்களில் ஒருவகை வேறுபாட்டிற்கும் தொடர்பு உண்டு என 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மரபணு ஒன்றே முழுக் காரணம் அன்று. பழக்கமும் சேர்ந்தே மூக்கைப் பயிற்றுகின்றது. எவ்வாறாயினும், அவ்வாசிரியர் தம் மூக்கு அறிந்ததையே சொன்னார் என்பது தெளிவு.

கண்ணுக்கு ஆகாதது ஒன்றையும் கூறுவேன். உலர்ந்த திராட்சையை நாள் முழுதும் உண்ணச் சொன்னாலும் உண்பேன். அதே திராட்சை பாயசத்தில் விழுந்து, ஊறி, உப்பி, உருண்டு மிதந்து வருமாயின், என் கண் அதனைப் பழமாகக் கொள்ள மறுக்கின்றது. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியாகவே கொள்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு உண்டால் அதே பழம் இனிக்கின்றது! எனவே குற்றம் பழத்தினுடையது அன்று, நாவினுடையதும் அன்று. உவமை தேடித் திரியும் என் கண்ணினுடையதே.

செவியும் உணவை அறியும் என்று கூறினால் சிலர் நம்பார். அப்பளத்தை எண்ணுக. காய்ந்த எண்ணெயில் இட்டவுடன் அதனுள் இருக்கும் சிறிதளவு ஈரமும் ஆவியாகிப் பொங்க, அப்பளம் பூத்து விரிகின்றது. ஈரம் நீங்கியதால் மொறுமொறுப்பு அடைகின்றது. அது நொறுங்கும் ஓசையிலேயே பாதிச் சுவை இருக்கின்றது. 2004ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்போரின் செவியில் அக்கடிக்கும் ஓசையையே மிகுத்துக் கேட்பித்தபோது, அவ்வறுவல் மேலும் புதியதாகவும் மொறுமொறுப்பாகவும் தோன்றியதாக அவர்கள் கூறினர். ஓசையிழந்து சோற்றின்மேல் நனைந்து கிடக்கும் அப்பளம் எனக்கு வேண்டா. என் இல்லத்தரசியார்க்கோ, வத்தக்குழம்பில் ஊறிய அப்பளமே அமிழ்தம். ஆதலின் எங்கள் வீட்டில் என் அப்பளம் தனித் தட்டிலும், அவர் அப்பளம் குழம்பிலும் இடம் பெறும். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் இதன் பொருட்டு ஒரு நாளும் பூசல் விளைந்ததில்லை. காரணம், அவர் என் அப்பளத்தை நனைத்ததும் இல்லை. யான் அவர் அப்பளத்தைப் பழித்ததும் இல்லை.

இனி, ஆறாம் அறிவாகிய மனத்திற்கு வருவோம். மற்றைப் புலன்கள் உணவை மட்டுமே நோக்குகின்றன. மனமோ உணவோடு சேர்த்து நினைவையும் நோக்குகின்றது. அண்டை இலையையும் நோக்குகின்றது. மிளகாய் இந்நாட்டுப் பயிர் அன்று. போர்ச்சுக்கீசியர் கடல் வழியே வந்த பின்னர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது நம் நாட்டை அடைந்தது. அதற்கு முன் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர்; பழந்தமிழில் ‘கறி’ என்னும் சொல்லே மிளகைக் குறித்தது. புதிதாய் வந்த காய்க்கு, மிளகைப் போன்ற காரமுடைய காய் என்று பெயரிட்டனர். இன்றும் சில இல்லங்களில் முன்னோர்க்குச் செய்யும் சடங்கு நாளில் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அடுக்களைக்குள் வருவதில்லை. மிளகே காரத்திற்கு உதவுகின்றது. அவ்வில்லங்களிலும் மற்றை நாள்களில் மிளகாய் இன்றிச் சமையல் இல்லை. மனம் ஒருகால் அயலென ஒதுக்கியதை மற்றொருகால் உறவெனக் கொள்கின்றது.

மனத்தின் வேலையை யான் கண்கூடாகக் கண்டது உப்புமாவினிடத்தில்தான். உப்பு, மா என்னும் இரு சொற்களால் ஆன எளிய பெயர், எளிய உணவு. ஆயினும் இன்று தமிழ்நாட்டில் இதனைப்போல் எள்ளி நகையாடப்பெறும் பண்டம் வேறில்லை.

அன்றைய சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. யான் சிற்றூர்ப் பள்ளியில் பயின்ற 1960களின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அனுப்பிய உடைத்த கோதுமையும் அத்திட்டத்திற்கு வந்தது. அதனை உப்புமாவாகக் கிண்டிப் பிள்ளைகளுக்கு அளித்தனர். அரிசியும் கேழ்வரகும் கம்பும் உண்டு பழகிய எங்களுக்கு அக்கோதுமையின் மணம் புதிது. எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையே உண்பேன்.

ஒரு நாள் நண்பகல், மரத்தடியில் வரிசையாய் அமர்ந்திருந்தோம். என் பக்கத்தில் இருந்த மாணவன் ஒருவன் தன் அலுமினியத் தட்டில் இருந்த உப்புமாவை விரைந்து விரைந்து உண்டுகொண்டிருந்தான். அவன் காலையில் ஒன்றும் உண்ணாமல் வருபவன் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டுணவு கொண்டுவந்திருந்த மற்றொருவன் எழுந்து செல்லும்போது அத்தட்டை நோக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இதை எல்லாம் மனிதர் தின்பாரா?” என்று உரக்கச் சொல்லிச் சென்றான். சிலர் சிரித்தனர். உண்டுகொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. பிறகு அவன் எவரையும் நோக்காமல் தட்டைத் தன் மடிக்கு இழுத்து, உடம்பால் மறைத்துக்கொண்டு எஞ்சியதை மெல்ல உண்டான். மறுநாள் முதல் அவன் எங்களோடு மரத்தடியில் அமரவில்லை; பள்ளியின் பின்புறச் சுவரை நோக்கி அமர்ந்து உண்டான்.

பல ஆண்டுகளுக்குப் பின் பத்துப்பாட்டைப் பாடம் கேட்கும் காலத்தில் சிறுபாணாற்றுப்படையை அடைந்தேன். நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலில் வறுமையுற்ற ஒரு குடும்பத்தின் அடுக்களை காட்டப்பெறுகின்றது. பசியால் மெலிந்த பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். உண்ணுதற்கு முன், புறங்கூறும் மாந்தர் பார்த்துவிடுவரோ என்று நாணி வாயிற்கதவை அடைக்கின்றாள்; பின்னர்ச் சுற்றத்தோடு அதனைப் பகிர்ந்து உண்கின்றாள். என் ஆசிரியர் அவ்விடத்திற்கு உரை கூறியபோது, பள்ளியின் பின்புறச் சுவர் என் கண்முன் நின்றது. உப்பில்லாத கீரையை உண்பது அவளுக்கு நாணம் தரவில்லை; அதனைக் காணும் கண்ணும் பேசும் வாயுமே நாணம் தந்தன. அவள் கதவை அடைத்தாள். அடைப்பதற்குக் கதவு இல்லாத சிறுவன் சுவரை நோக்கித் திரும்பினான்.

எனவே, பிடிக்காத உணவைப் பிடிக்கவில்லை என்று சொல்லவே கூடாதோ என நீங்கள் வினவலாம். சொல்லலாம்; சொல்லும் முறையில்தான் எல்லாம் இருக்கின்றது. இதற்கு இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கின்றேன். “எனக்குப் பிடிக்கவில்லை” என்னும் தொடரில் ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘கு’ என்பது அதன் உருபு. அச்சிறிய உருபு இருக்கும்வரை, சொல்லப்படும் செய்தி என்னைப் பற்றியது. என் நாவைப் பற்றியது. அதனை நீக்கி, “இது நன்றாக இல்லை” என்றால், செய்தி உணவைப் பற்றியது ஆகிவிடுகின்றது. அதனைச் சமைத்தவரும் உடன் சேர்ந்து பழிக்கப்படுகின்றார். “இதை யார் உண்பார்?” என்றாலோ, பழி அதனை உண்பவர் மேல் சென்று விழுகின்றது. முதற்கூற்று உண்மை, இரண்டாவது துணிந்து கூறும் தீர்ப்பு, மூன்றாவது இழிவுரை. ஒரு வேற்றுமை உருபைக் காத்துக்கொள்வதால் ஒருவர் நெஞ்சைக் காத்துக்கொள்ள முடிகின்றது. இலக்கணம் எதற்கு உதவும் என்று வினவும் மாணவர்க்கு இதுவும் ஒரு விடையாகட்டும்.

நம் முன்னோர் இதற்கு மேலும் ஒரு படி ஏறினர். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்றில், புதிதாய் இல்லறம் ஏற்ற பெண், முற்றிய தயிரைத் தன் மெல்லிய விரலால் பிசைந்து, தாளிக்கும் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் அதனை உண்டு, இனிதாய் இருக்கிறது என்கின்றான். அவள் முகம் சிறிதே மலர்கின்றது. குழம்பு உண்மையில் எவ்வாறு இருந்தது என்பதைப் புலவர் ஆராயவில்லை. புகையில் நின்றவளின் உழைப்பை உண்டவன் உணர்ந்தான் என்பதே அவர்க்குப் போதுமானது. கண்ணோட்டத்தைப் பற்றிக் கூறும் திருவள்ளுவரோ, நாகரிகத்தை விரும்புவோர் நண்பர் தந்தது நஞ்சு என்று கண்டும் அதனை உண்டு அமைவர் என்னும் எல்லைக்கே சென்றுவிட்டார். நஞ்சையே உண்ணும் நாகரிகத்தின் முன், பாலேடு எம்மாத்திரம்? பிறர் இல்லத்தில் அது வருமாயின், யான் ஒன்றும் கூறாது விழுங்கிவிடுகின்றேன். உதடு கூசத்தான் செய்கின்றது. முகம் கூசாதபடி பார்த்துக்கொள்கின்றேன்.

இங்கு ஒன்றை மறவாது கூறவேண்டும். நா மறுப்பது வேறு. உடல் மறுப்பது வேறு. நிலக்கடலையோ, பாலோ, முட்டையோ சிலர் உடலுக்கு ஒவ்வாது. சிறிதளவு உண்டாலும் மூச்சுத் திணறலும் தடிப்பும் உண்டாவோர் உளர். அவர்கள் நாணத்தால் வாய் மூடியிருத்தல் ஆகாது. தெளிவாகச் சொல்லி மறுத்தல் வேண்டும். அவரைக் கட்டாயப்படுத்தி உண்பித்தல் அன்பும் அன்று. உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ணவேண்டும் என்பதும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியே.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் பிடிக்காத பண்டங்கள் இருக்கும். அவற்றைப் பற்றி நகைச்சுவையோடு பேசுங்கள், அதில் தீங்கில்லை. பேசும்போது ‘எனக்கு’ என்னும் சொல்லை விட்டுவிடாதீர்கள். சமைத்தவர் முன் முகம் சுளியாதீர்கள். பிறர் தட்டை நோக்கி ஒருபோதும் மூக்கைப் பிடியாதீர்கள். அத்தட்டு அவர்க்கு எத்தனை மணி நேரப் பசிக்குப் பின் வந்தது என்பது நமக்குத் தெரியாது.

1982ஆம் ஆண்டில் மதிய உணவு சத்துணவாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. தொடங்கியபோது அதன் பட்டியலில் உப்புமாவுக்கும் இடம் இருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வந்த குழந்தை ஒன்று அவ்வுப்புமாவை உண்டு, தெளிந்த முகத்தோடு வகுப்பில் அமர்கின்றது என்றால், உலகம் அதனைப் பற்றி என்ன சொன்னால் என்ன? தொடுவதும், சுவைப்பதும், முகர்வதும், காண்பதும், கேட்பதும் ஆகிய ஐந்து அறிவும் தத்தமக்கு ஆகாதவற்றை வெறுத்துக்கொள்ளட்டும். அவற்றின் இயல்பு அது. உண்பவர் கை இடையில் நின்றுவிடாதபடி காப்பது ஆறாம் அறிவின் கடமை.